கற்பனை மொழியில் அறிவு, ஞானம், மந்திரம்: சொற்களை வேரிலிருந்து வளர்ப்பது எப்படி?

கற்பனை மொழி ஒன்றை உருவாக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் தொடங்குகிறார்கள். நீர், தீ, வாள், அரசன், பிறகு அறிவு, ஞானம், மந்திரம். ஒவ்வொன்றுக்கும் எதிரே காதுக்கு இனிய ஓர் ஒலிக்கோவை. நீருக்கும் தீக்கும் இந்த முறை ஓரளவு போதும். கடைசி மூன்றுக்கும் போதவே போதாது. நீர் எது என்பதில் எந்த ஊருக்கும் ஐயமில்லை. எது அறிவு, யார் ஞானி, எது மந்திரம் என்று கேட்டால் ஒவ்வொரு சமூகமும் தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்ளும். அந்தச் சண்டையின் தழும்பு சொல்லில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உங்கள் மந்திரவாதி வாய்திறந்து சொல்லும் பெரிய சொல்லும் வெறும் ஓசையாகவே நிற்கும்.

இதை எப்படிச் செய்வது என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் எடுத்துக்காட்டு, ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) தம் கதைகளில் வரும் எல்ஃபு என்ற கற்பனை இனத்தாருக்காக உருவாக்கிய மொழிகள். அவற்றில் ‘ங்கொல்’ என்று ஒரு பழைய வேர் உண்டு. அறிவோடு தொடர்புடைய வேர். குவென்யா மொழியில் அதிலிருந்து ‘நோலெ’ பிறந்தது: நெடுங்காலக் கல்வி, புலமை, அறிவு. அதே வேரிலிருந்து சிந்தாரின் மொழியில் ‘கூல்’ பிறந்தது: சூனியம். சந்திரக் கோபுரம் என்று பொருள்படும் ‘மினாஸ் இதில்’ என்ற நகரம் பகைவர் கைக்குப் போனபின் மினாஸ் மொர்கூல் ஆனது இந்தச் சொல்லால்தான். டொல் குல்டுர் என்ற கோட்டையின் பெயரிலும் அதே கூல் இருக்கிறது. ‘மொர்’ என்றால் கருமை. ‘மொர்கூல்’ என்ற கூட்டுச்சொல்லிலேயே அடிக்கடி புழங்கிப் புழங்கி, தனியாக நின்றபோதும் கூல் கறுத்துவிட்டது. 1977இல் வெளிவந்த டோல்கீனின் ‘தி சில்மரில்லியன்’ நூலின் பின்னிணைப்பு இந்த விளக்கத்தைத் தருகிறது. ஒரு மக்களுக்கு நேர்ந்த கேடு முழுவதும் ஒற்றை அசைக்குள் அடங்கியிருக்கிறது. நாம் குறிவைக்க வேண்டியது இதைத்தான்.

முதல் படி: அறிவை எங்கே வெட்டிப் பிரிக்கிறார்கள்?

ஒலிகளைத் தொடுமுன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் மக்கள் ‘அறிதல்’ என்பதை எத்தனை துண்டுகளாகப் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். பிரெஞ்சு மொழியில் ஒரு செய்தியை அறிவதற்கு ஒரு வினை, ஓர் ஆளை அறிவதற்கு வேறொரு வினை. ஜெர்மனிலும் அப்படியே. திருக்குறளை எடுத்துக்கொண்டால் கல்வி 40ஆம் அதிகாரம், கேள்வி 42, அறிவுடைமை 43. படித்துப் பெறுவதும் பிறரிடம் கேட்டுப் பெறுவதும் இவற்றைச் சரியாகப் பயன்படுத்தும் தெளிவும் அங்கே ஒன்றல்ல. இடையில் கல்லாமைக்கும் ஓர் அதிகாரம். அறியாமைக்கும் உங்கள் மொழியில் தனிச் சொல் வேண்டுமா என்று இப்போதே யோசித்துவிடுங்கள். பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

டோல்கீன் எங்கே வெட்டினார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அவருடைய எல்ஃபு குலங்களில் ஒன்றின் பெயர் நொல்டோர். பொருள், அறிவுடையோர். ஆனால் இந்தப் பெயர் குறிப்பது நிறையத் தெரிந்து வைத்திருப்பதை மட்டுமே. நல்லது கெட்டது தேர்ந்து முடிவெடுக்கும் விவேகத்தை அல்ல என்று அதே நூலின் பெயரடைவு தெளிவாகச் சொல்கிறது. கதையைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு கூர்மையான பெயர் என்று புரியும். அந்தக் குலத்தின் கைத்திறனும் கல்வியும் நிகரற்றவை. அவர்களைக் குப்புறத் தள்ளியது விவேகக் குறைவு. குலப் பெயருக்குள்ளேயே அவர்களுடைய பெருமையும் ஓட்டையும் சேர்ந்தே இருக்கின்றன.

குவென்யாவில் இன்னும் சில வெட்டுகள் உண்டு. ‘இஸ்டா’ என்றால் அறிதல். ‘ஹன்யா’ என்றால் விளங்கிக்கொள்ளுதல். ‘குரு’ என்றால் கைவரும் திறன். நம் குருவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘இஸ்டா’விலிருந்து ‘இஸ்டார்’ வந்தது, அறிபவர் என்ற பொருளில். அந்த உலகின் மந்திரவாதிகள் அனைவருக்கும் பொதுப்பெயர் இது. ஆனால் அவர்களில் தலைமை வகித்து, பிறகு கெட்டுப்போன ஒருவருக்கு எல்ஃபுகள் வைத்த பெயர் ‘குருநீர்’, திறனுடைய மனிதர். மற்றவர்கள் அறிவால் அறியப்பட, இவர் மட்டும் திறனால் அறியப்படுகிறார். மனிதர்கள் அவரை அழைத்த பெயரான சருமானிலும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்று இருக்கிறது. அதற்குத் திறன் என்றும் பொருள், வஞ்சகம் என்றும் பொருள்.

ஆகவே உங்கள் தாளில் குறைந்தது இவற்றுக்கு விடை வேண்டும். நூலறிவும் கைத்திறனும் ஒரே சொல்லா? முதியவரின் தெளிவுக்குத் தனிச் சொல் உண்டா? யாருக்கு அறியும் உரிமை இல்லை? மந்திரம் என்பது அறிவில் ஒரு வகையா, அறிவுக்கு வெளியே உள்ளதா? கடைசிக் கேள்விக்கு விடை சொல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: அறிவு எந்தப் புலன் வழியே வருகிறது?

அறிவுக்கான சொற்கள் பலவும் உடம்பிலிருந்து தொடங்குகின்றன. வடமொழி ‘வேத’மும், பார்த்தல் என்று பொருள்படும் லத்தீன் வினை ‘விடேரே’யும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. பழைய கிரேக்கத்தில் ‘எனக்குத் தெரியும்’ என்பதற்கான சொல், வடிவத்தில், ‘நான் பார்த்திருக்கிறேன்’ என்பதுதான். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகள் பலவற்றிலோ அறிதலும் நினைத்தலும் கேட்டலிலிருந்து வருகின்றன.

இங்கிருந்து நாமே ஒரு சிறு மொழியைக் கட்டிப் பார்ப்போம். ஆண்டில் பாதி நாள் பனிமூட்டம் விலகாத ஒரு பள்ளத்தாக்கு. கண் அங்கே உதவாது. எதிரே வருவது மனிதனா விலங்கா, பாறை சரிகிறதா என்பதெல்லாம் காதுக்கே முதலில் தெரியும். இந்த மக்களுக்கு அறிதல் என்றால் கேட்டல். வேர்: ‘ரெம்’.

மூன்றாம் படி: ஒலி, எழுத்து

‘ரெம்’ ஏன்? தமிழ் மரபில் ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. நம் காது இதைப் பள்ளியில் படிக்காமலே அறியும். ஆகவே ரகரத்தில் தொடங்கும் ஒரு சொல், எந்த அலங்காரமும் இல்லாமலேயே வேற்று மண்ணின் வாடையோடு வருகிறது. நம் மொழிமுதல் எழுத்து விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றை மட்டும் மீறும் மொழி எப்படி ஒலிக்கும் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே விதியை ஒழுங்காக மீறினால் அது ஒரு மொழியின் இயல்பாகத் தெரியும். எல்லாவற்றையும் மீறினால் இரைச்சல்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நம் எழுத்து வல்லினத்தின் இரண்டு ஒலிகளைப் பிரித்துக் காட்டுவதில்லை. ‘கடல்’ என்பதில் உள்ள ககரமும் ‘தங்கம்’ என்பதில் உள்ள ககரமும் ஒலியில் வேறு, எழுத்தில் ஒன்று. அந்த வேறுபாட்டின் மேல் பொருள் வேறுபாட்டை ஏற்றாதீர்கள். அழுத்தி உச்சரித்தால் ஞானம், மென்மையாக உச்சரித்தால் சூனியம் என்று வைத்தால் அச்சிட்ட பக்கத்தில் வாசகருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். குறில் நெடில், ர ற, ல ள ழ போன்ற வேறுபாடுகளை நம் எழுத்து அழகாகக் காட்டும், அவற்றைப் பயன்படுத்துங்கள். மறுபுறம், ஆங்கில எழுத்தில் விளக்கம் கொடுத்தே புரியவைக்க வேண்டிய ‘ங்கொல்’ என்ற தொடக்கத்தை ‘ங்’ என்ற ஓரெழுத்து நமக்கு உடனே காட்டிவிடுகிறது.

நான்காம் படி: வேரிலிருந்து குடும்பம்

இப்போது சில ஒட்டுகளை முடிவு செய்வோம். ‘ஆ’ சேர்ந்தால் வினை: ரெமா, கேட்டறிதல். ‘உன்’ சேர்ந்தால் ஆள்: ரெமுன், அறிபவர். ‘இஸ்’ சேர்ந்தால் பண்பு: ரெமிஸ், அறிவு.

ஞானத்துக்குத் தனி வேர் தேட வேண்டியதில்லை. இந்த மக்களைப் பொறுத்தவரை ஒருமுறை கேட்டது அறிவு. தலைமுறைகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதியானது ஞானம். முதல் அசையை இரட்டித்தால் போதும்: ரெரெமிஸ். மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காட்ட அசையை இரட்டிப்பது உலகமொழிகள் பலவற்றின் வழக்கம் என்பதால் இது செயற்கையாகத் தோன்றாது.

மந்திரம்? முதல் படியின் கடைசிக் கேள்விக்குத் திரும்புங்கள். இவர்கள் பனிக்குள் இருப்பதை வெறுமனே கேட்கிறார்கள். அந்தப் பனியையே தம் சொல்லைக் கேட்கும்படி செய்தால்? ‘கேட்கச் செய்தல்’ என்ற பிறவினை வேண்டும். அதற்கு ‘ஒ’ என்ற முன்னொட்டு: ஒரெமா, கேட்கச் செய்தல். ஒரெமிஸ், மந்திரம். ஒரெமுன், மந்திரம் செய்பவர். அறிவுக்கும் மந்திரத்துக்கும் நடுவே இருப்பது ஒற்றைக் குறில். இதை மறந்துவிடாதீர்கள், அடுத்த படியில் இது பெரிய வேலை செய்யப்போகிறது.

இங்கே ஒரு ஒழுங்கின்மையையும் சேர்த்துவிடுவது நல்லது. நாள்தோறும் புழங்கும் வினைகள் எந்த மொழியிலும் நேராக இருப்பதில்லை. குவென்யாவின் ‘இஸ்டா’வுக்கு இறந்தகாலம் ‘சின்டெ’; யாரும் எதிர்பார்க்க முடியாத வடிவம். நம் பள்ளத்தாக்கு மொழியில் ‘ரெமா’வுக்கு இறந்தகாலம் ‘எர்ம்’ என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிரண்டு போதும்.

ஐந்தாம் படி: காலத்தை ஓடவிடுங்கள்

இதுதான் இந்த வேலையின் உயிர். பொறுமையாகச் செய்யுங்கள்.

‘ங்கொல்’ வேர் என்ன ஆனது என்று முதலில் பார்ப்போம். சொல்லின் தொடக்கத்தில் இருந்த ‘ங்க்’ என்ற இரட்டை, குவென்யாவில் ‘ங்’ ஆகி, பிறகு ‘ந்’ ஆனது. சிந்தாரினில் ‘க்’ மட்டும் மிஞ்சியது, தங்கத்தின் மெல்லிய ககரம். ஆகவே ஒரு மொழியில் நொல்டோ என்றிருப்பவர் மற்றொரு மொழியில் கொலொத். பன்மையில் உயிர்களும் மாறி, அது கெலித் என்பது போல ஒலிக்கும். பார்த்தால் உறவே தெரியாது; விதியை வைத்துப் பார்த்தால் ஒரே சொல். இதற்கு நேர்மாறான எச்சரிக்கையும் உண்டு: நஸ்கூல் என்ற பெயரில் வரும் கூல் இதே போல ஒலித்தாலும், அது வேறொரு மொழியில் ஆவியுருவான அடிமையைக் குறிக்கும் சொல்.

நம் மக்களில் ஒரு பகுதியினர் மலையிலேயே தங்குகிறார்கள், ஒரு பகுதியினர் கடற்கரைக்கு இறங்குகிறார்கள் என்று வைப்போம். ஆளுக்கொரு விதி. மலையில், இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் மகரம் வகரமாகிறது. கரையில், சொல்லின் முதலில் தனியாக நிற்கும் குறில் உதிர்ந்துபோகிறது.

மலையில்: ரெமிஸ் என்பது ரெவிஸ் ஆனது. ரெமுன், ரெவுன் ஆனார். ஒரெமிஸ், ஒரெவிஸ். எல்லாம் ஒரே சீராக மாறியதால் குழப்பமில்லை.

கரையில்: ரெமிஸ் அப்படியே இருக்கிறது. ஒரெமிஸோ, தலையெழுத்தை இழந்து ரெமிஸ் ஆகிவிட்டது. அறிவும் மந்திரமும் ஒரே சொல்! ஒரெமுனும் ரெமுனும் ஒரே ஆள்! ஒருவரை ‘ரெமுன்’ என்று கரையூரில் சொன்னால் படித்தவர் என்கிறார்களா, சூனியக்காரர் என்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது.

உண்மையான மொழிகள் இத்தகைய மோதலை நெடுநாள் பொறுத்துக்கொள்வது அரிது. ஏதாவது ஒன்று விலகும். கரையூரார் மலைக்காரர்களிடமிருந்து ‘ரெவிஸ்’ என்ற சொல்லைக் கடன் வாங்குகிறார்கள், பள்ளிக்கல்வி என்ற பொருளில். இப்போது பழைய ரெமிஸுக்கு மந்திரம் என்ற பொருள் மட்டுமே மிஞ்சுகிறது. அவர்களுடைய சொந்தச் சொல் அச்சத்துக்குரியதாகிவிட்டது. மரியாதைக்குரிய சொல் இரவலாக வந்தது. ரெரெமிஸ் மட்டும் கரையிலும் ஞானமாகவே நிற்கிறது, இரட்டித்த அசை அதைக் காப்பாற்றியதால். எந்தக் கதையையும் நாம் இன்னும் எழுதவில்லை. இரண்டு ஒலிவிதிகள் போட்டோம், அவ்வளவுதான். அதற்குள் ஒரு ஊரின் மனத்தாங்கல் உருவாகிவிட்டது.

ஆறாம் படி: பொருள் நகரும் பாதைகள்

ஒலி நகர்வது போலப் பொருளும் நகரும். அதற்கும் பழகிய தடங்கள் உண்டு.

மிகப் பெரிய தடம், அறிவிலிருந்து மந்திரத்துக்குப் போவது. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் சூனியத்துக்கு ஒரு சொல் ‘ஃபியோல்குன்ங்கி’. பிரித்தால் ‘மிகுந்த அறிவு’. ஃபின்னிஷ் மொழியில் மந்திரப்பாடல் அறிந்தவருக்குப் பெயர் ‘தியெதாயா’, பிரித்தால் ‘அறிபவர்’. டோல்கீன் மாணவராக இருந்தபோதே ஃபின்னிஷ் மொழியில் மயங்கியவர். குவென்யாவின் ஓசையில் அதன் சாயல் ஆழமாக உண்டு. எலியாஸ் லோன்ரோட் தொகுத்து 1835இல் முதலில் வெளியிட்ட ஃபின்லாந்துக் காப்பியமான ‘கலேவலா’வில் முதியவர் வைனாமொய்னன் பாடியே படகு கட்டுவார்; வேலை முடிய மூன்று சொற்கள் குறைய, அவற்றைத் தேடி ஒரு பூதத்தின் வயிற்றுக்குள்ளேயே போவார். சொல்லை அறிவதே ஆற்றல். ஆங்கிலத்தில் இலக்கணத்தைக் குறிக்கும் ‘கிராமர்’ ஸ்காட்லாந்தில் ‘கிளாமர்’ என்று திரிந்து, கண்ணைக் கட்டும் மாயத்தைக் குறித்தது. இன்று அழகின் கவர்ச்சிக்கு வந்து நிற்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஊரில் லத்தீன் இலக்கணம் படித்தவரும் மந்திரவாதியும் ஒருவரே. நம்மிடம் ‘வித்யா’ என்ற கல்வி, ‘கண்கட்டு வித்தை’ வரை வந்திருப்பதும் இதே தடம்.

இன்னொரு தடம், ஆலோசனையிலிருந்து போவது. அடைத்த கதவுக்குள் நாலு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் வெளியே நிற்பவருக்கு அது மறைபொருள். பழைய ஆங்கிலத்தின் ‘ரூன்’ ஆலோசனையும் மறைபொருளும் எழுத்தும் ஆகும். மந்திராலோசனை செய்யும் மந்திரியும், மந்திரம் போடும் மந்திரவாதியும் நம் ஊரில் ஒரே சொல்லின் பிள்ளைகள்.

மூன்றாவது, அயலார் மேல் உள்ள அச்சம். ‘மேஜிக்’ என்ற சொல்லின் அடியில் இருப்பவர் பாரசீகப் பூசாரி. கிரேக்கர்களுக்கு அவருடைய சடங்கு புரியவில்லை. அவருடைய பெயரே மாயத்துக்குப் பெயராயிற்று. உங்கள் உலகில் பக்கத்து நாட்டுப் பூசாரிக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். கெட்ட மந்திரத்துக்கு ஒரு சொல் இலவசமாகக் கிடைக்கும்.

ஏழாம் படி: யார் வாயில்?

ஒரே செயலுக்கு உள்ளே இருப்பவர் ஒரு சொல்லும் வெளியே இருப்பவர் வேறொரு சொல்லும் வைத்திருப்பார்கள். டோல்கீனின் கதையில் எல்ஃபு தலைவி கலாட்ரியல், எளிய தோட்டக்காரன் ஒருவனிடம், உங்கள் மக்கள் மந்திரம் என்பது இதைத்தான் போலும், ஆனால் அந்தச் சொல்லால் அவர்கள் என்ன கருதுகிறார்கள் என்று தனக்குத் தெளிவாகப் புரியவில்லை, பகைவனின் வஞ்சனைக்கும் அதே சொல்லையே பயன்படுத்துகிறார்களே என்கிறார். அவருக்கு அது வாழ்வின் இயல்பான கலை. வெளியே நிற்பவனுக்கு எல்லாம் மந்திரம்.

அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, பொருளோடு கூடச் சொல்பவரையும் எழுதுங்கள். மலையில் ஒரெவிஸ் செய்பவர் அதை ஒரெவிஸ் என்று சொல்வாரா? எனக்குத் தோன்றுவது, சொல்ல மாட்டார். ‘பனியோடு பேசுதல்’ என்பது போல அடக்கமாக ஏதாவது சொல்வார். ஒரெவிஸ் என்பது அவர் பின்னால் மற்றவர்கள் சொல்வது.

எட்டாம் படி: தமிழ் வாக்கியத்துக்குள் இறக்குதல்

சொல் பட்டியலில் இருக்கும்வரை அது பிறக்கவில்லை. முதலில் ஊர்ப்பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் புதைத்து வையுங்கள். அங்கே பழைய வடிவம் உறைந்து நிற்கும். கரையூருக்கு அருகில் ‘ஒரெம்பா’ என்று ஒரு குன்று இருக்கலாம். எல்லாச் சொற்களிலும் உதிர்ந்த அந்த ஒகரம், பெயரில் மட்டும் தப்பியிருக்கிறது. கூர்மையான வாசகர் ஒருவர் அதைக் கண்டுபிடிப்பார். அவருக்காகத்தான் இவ்வளவு உழைப்பும்.

உரையாடலில் தமிழ் வேற்றுமை உருபுகளைத் தயங்காமல் ஒட்டுங்கள்: ரெமுனிடம், ரெவிஸுக்காக, ரெரெமிஸால். ஒரு பக்கத்துக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். அடிக்குறிப்பும் வேண்டாம், பேசுபவரின் தொனியே பொருளைச் சொல்லட்டும். இப்படிச் சோதித்துப் பாருங்கள். மலையில் ஒரு தாய் பிள்ளையின் தலையில் கை வைத்து, “நீ பெரிய ரெவுனா வரணும்டா” என்கிறாள். கரையில் ஒரு தாய் இருட்டில் வெளியே ஓடும் பிள்ளையை, “ரெமுன் பிடிச்சிட்டுப் போயிடுவான், உள்ளே வா” என்று அதட்டுகிறாள். அகராதி இல்லாமலேயே இரண்டும் புரிந்தால் சொற்கள் நிற்கின்றன.

குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேர், பழைய வடிவம், மலை வடிவம், கரை வடிவம், யார் யாரைப் பார்த்துச் சொல்வது, எந்தப் பெயரில் உறைந்திருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விதியை நடுவில் மாற்றினால் எல்லாச் சொற்களையும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டிவரும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு, மலையில் பட்டம் பெற்ற இளம் ரெவுன் ஒருவரைக் கரையூர்ப் பள்ளிக்கு ஆசிரியராக அனுப்புங்கள். முதல் நாள் அவரை ஊர்க் கிழவி எந்தச் சொல்லால் கூப்பிடுகிறாள் என்று எழுதுங்கள்.